கெங்கம்மா பார்த்த ஏரிகள்

யசோதராவுக்கு நைனிதால் அத்துப்படி. அங்கே போக இறங்கும் காத்கோதாம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஷேர் டாக்ஸி எந்தப் பக்கம் நிற்கும், ஏரியின் எந்தக் கரையில் காலை வெயில் முதலில் விழும், பீம்தாலுக்கு பஸ்ஸில் போகும்போது எந்தப் பக்கத்து ஜன்னலைப் பிடிக்க வேண்டும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நாற்பத்தேழு வயதில் அவள் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே ஓரடி வைத்ததில்லை.

வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாவது மாடி. புருஷன் அசோகன் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் டெக்னீஷியன். பழுதுக்கு வரும் பெட்டிகளில் சீட்டைக் கழற்றி சீட்டை மாட்டுகிற வேலை. ஊர் பூராவும் உட்கார்ந்துகொண்டு போகிற சீட்டு அவன் மாட்டியது. அவன் பெண்டாட்டி மட்டும் அதில் உட்கார்ந்ததில்லை.

அவனுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் சம்சாரம் கெங்கம்மா ஒன்றரை வருஷத்தில் சண்டை போட்டுக்கொண்டு மாதவரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர்கள் கூடிப் பேசி, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கித் தீர்த்து வைத்தார்கள். அதற்கப்புறம்தான் யசோதராவை, புத்தர் படத்துக்கு எதிரில் பஞ்சசீலம் சொல்லி அசோகன் கட்டிக்கொண்டான். இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை.

அவள் வேலை செய்வது எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில், கேட் ரூமில். டிரெய்லர் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், ரெஜிஸ்டரில் இரண்டு கட்டம். டிரைவர்களுக்கு அவள் டோக்கன் அக்கா. "யக்கா, ஆறு மணி நேரமா குந்திகினு கீறேன், ஒரு டோக்கன் தட்டேன்" என்று எவன் வந்து கெஞ்சினாலும், அவனுக்கு முன்னால் எத்தனை வண்டி, இவன் முறை எத்தனை மணிக்கு வரும் என்று தலை நிமிராமல் சொல்வாள். சொன்ன நிமிஷத்துக்கு வண்டி நகரும். இந்தக் கையால்தான் அவள் போக ஆசைப்பட்ட ஊர்ப்பயணத்தையும் ஒரு நோட்டில் எழுதினாள். அதிலும் அதே இரண்டு கட்டம்: உள்ளே, வெளியே. மிரிக் ஏரி, உள்ளே ஒன்பது நாற்பது, வெளியே பன்னிரண்டு பத்து. ஏரியே டிரெய்லர் மாதிரி அவளிடம் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் அலையடிக்க வேண்டும்.

ஒர்க்ஷாப்காரர்களுக்கு வருஷா வருஷம் ரயில்வே பாஸ். பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டின் எந்த மூலைக்கும் இனாமாக ரயிலில் போய் வரலாம். அதனால் அந்த வீடுகளில் ஒரு ரோஷம் உண்டு. ஒருத்தி டிக்கெட் வாங்கி ரயில் ஏறினாள் என்று தெரிந்தால், இன்னாமே, வூட்டுக்காரனுக்கு வேல பூடுச்சா என்று துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். யசோதராவும் அந்த ரோஷத்தோடுதான் பாஸுக்குக் காத்திருந்தாள்.

பயணத்துக்கு அவள் தேர்ந்தெடுத்த மாதம் அக்டோபர். இங்கே அக்டோபர் என்றால் மழை ஆரம்பித்து, சாக்கடை படியேறி வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போகும். மலைப்பக்கத்தில் அப்போதுதான் மழை விட்டு, வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்குமாம். இலைகள் மஞ்சளாகிச் சிவந்து ஏரியில் விழுமாம். டிவியில் ஒரு தடவை பார்த்தாள். பார்த்ததிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஊர் எழுதினாள்.

எழுதி முடிப்பாள். அசோகன் லீவு கேட்கப் போவான். கேட்டுவிட்டு வந்து, செக்ஷன் இன்ஜினியர் பேசுவதை அப்படியே பேசிக்காட்டுவான்; தொப்பையைத் தள்ளி, குரலை மூக்குக்கு ஏற்றி, "அசோகா, பூஜா ஸ்பெஷல் பெட்டி பதினாறு நிக்குது. நீ ஊட்டில போட் வுட்டா, இங்க யாரு சீட்டு மாட்டறது?" யசோதரா சிரித்துவிடுவாள். சிரித்தபிறகு எப்படிக் கோபப்படுவது? அப்படி ஊட்டி கைநழுவிப் போனது. மறு வருஷம் உதய்ப்பூருக்கு டாக்டர் குரல்: "பிரஷர் நூத்தி அறுவது. ராஜஸ்தான் வெயில்ல போனீங்கன்னா, பெட்டில போவீங்க, பெட்டியில வருவீங்க." அதற்கும் சிரித்தாள். போன வருஷம் டார்ஜிலிங், மிரிக் ஏரி. அதற்கு ஒரு பெரியப்பாவைச் சாகடித்தான். பெரியப்பா நிஜமாகவே செத்தார், ஆனால் நவம்பரில்.

இந்த வருஷம் அப்படி இல்லை. வருகிற மார்ச்சில் அசோகன் ரிடையர். அவனாகவே சொன்னான்: "இந்த தபா யார் குறுக்க வந்தாலும் சரி யசோ. நீ எயுது." அவள் நைனிதால் எழுதினாள். நாலு பக்கம்.

அக்டோபர் பிறந்தும் பாஸ் போட்ட பாடில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது அவன் போனையும் ஐடி கார்டையும் எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் மதார் சாகிப் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். இப்போது பாஸ் எல்லாம் கம்ப்யூட்டரில். நம்மாள் சோம்பேறி, நாமே போட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

"குந்துங்கக்கா," என்றார் மதார் சாகிப். "அண்ணன் வர்லியா?"

"அவரு வந்தா இந்த வருசமும் எதனா ஒண்ணு சாவும். நீ போடு பாய்."

நம்பர் தட்டினார். போனில் வந்த ஓடிபியை அவள் படித்துச் சொன்னாள். மதார் சாகிப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணன் உங்களுக்கு மேல உஷாருக்கா. இந்த மாசம் இருவத்தி நாலாந்தேதிக்கு ஏற்கனவே போட்டு வெச்சுகீறாரு. சென்ட்ரல் டு டெல்லி, டெல்லி டு காத்கோதாம். டிக்கெட்டும் கன்பார்மு."

யசோதராவுக்கு முகம் சூடானது. திருட்டுப்பயல், சொல்லாமல் வைத்திருக்கிறான். "என்னாண்ட வாயத் தொறக்கல பாய்," என்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், இருபத்து நாலு வயதுக்காரி மாதிரி.

"ஆனா ஒரு ஆளுக்குத்தான் போட்டுகீறாரு. ஒய்ஃப் மட்டும். கெங்கம்மா, வயசு அம்பத்தொண்ணு." அவர் திரும்பினார். "யசோதரான்றது வூட்ல கூப்புட்ற பேராக்கா?"

மின்விசிறி சுற்றியது. பக்கத்து நாற்காலியில் யாரோ ரேஷன் கார்டுக்கு போட்டோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி போனதெல்லாம் அதுல தெரியுமா பாய்?"

"தோ கீதே. போன வருசம் நியூ ஜல்பைகுரி, டார்ஜிலிங்குக்கு எறங்கற எடம். அதுக்கு முன்ன உதய்ப்பூர். அதுக்கு முன்ன மேட்டுப்பாளையம். எல்லாம் ஒய்ஃப் மட்டும். அதுக்கும் முன்னாடி பேப்பர் பாஸு, இதுல வராது." அவருக்கு ஒன்றும் தெரியாது பாவம், வாடிக்கையாளர் பெருமை அவர் பெருமை. "அக்டோபர் வந்தா கெளம்பிடுவீங்க போல. குடுத்து வெச்சவங்க நீங்க. பிரிண்டு எடுத்துத் தரட்டா?"

"எடு," என்றாள் யசோதரா.

வீட்டுக்கு வந்தபோது அசோகன் எழுந்து குளித்து, சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாளை வைத்தாள்.

"இது இன்னாய்யா?"

அவன் கை நின்றது. "எங்க எடுத்தே இத?"

"உன் பொண்டாட்டி யாரு?"

"இன்னா கேள்விமே இது. நீ தான்."

"மெஷின் வேற சொல்லுதே."

"மெஷினுக்கு இன்னா தெரியும்?"

"நைனிதால் தெரிஞ்சுகீது. ஊட்டி தெரிஞ்சுகீது. என்னத்தான் தெரியல."

அதற்குமேல் அவனுக்குப் பேசிக்காட்ட வேறு குரல் கிடைக்கவில்லை. சொந்தக் குரலில் சொன்னான். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, ஒல்லியாக.

"பேரு மாத்தணும்னா கோர்ட்டு பேப்பரு கேப்பான். வெள்ளத்தாள நீட்டுனா செல்லாது. மொதல் பொண்டாட்டி இருக்கசொல்லோ இன்னொருத்தியக் கட்டிகினியான்னு வேலய வுட்டுத் தூக்கிடுவான். அதான் அப்டியே வுட்டுட்டேன்."

"இருவத்தி மூணு வருசமா கோர்ட்டுக்குப் போவ ஒரு நாள் கெடைக்கல?"

"பயம்மே." சோற்றைப் பார்த்துச் சொன்னான். "ஒம்போது வருசம் முன்ன ஒர்க்ஷாப் கேட்டாண்ட வந்து நின்னா. ஆபீஸுக்குக் கடுதாசி போட்ருவேன்னா. இன்னா வேணும்னு கேட்டேன். உன் பொண்டாட்டின்னு என் பேருதானே கீது, வருசா வருசம் பாஸ என்னாண்ட குடு, நானும் நாலு ஊரு பாக்கறேன்னா. பாஸு தானே யசோ."

"என் நோட்டு எப்டி அவளாண்ட போச்சு? இருவத்தி நாலாந்தேதி நான் எயுதுன தேதி. டெல்லில எறங்கி மாறுற வண்டி நான் எயுதுன வண்டி."

"எப்டிப் போறது, எங்க எறங்கறதுன்னு கேட்டா. எனக்கு இன்னா தெரியும்? நீ எயுதி வெச்சது சும்மாதானே கெடக்குதுன்னு ஜெராக்ஸு எடுத்தேன்."

"சும்மாக் கெடக்க வெச்சது யாரு?"

அவனுக்கு எல்லாம் 'தானே'. பாஸ் தானே, நோட்டு தானே. அவள் அடுத்ததையும் கேட்டாள்.

"மார்ச்சுக்கு அப்புறம்?"

"ரிடையர் பேப்பருக்கு ஜாயின்ட் போட்டோ கேப்பான். புருசன் பொண்டாட்டி ஒண்ணா நின்னு."

"யாரு கூட நிக்கப் போறே?"

"ஒரு போட்டோ தானேமே," என்றான் அசோகன். அப்புறம் எதையாவது கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "உனக்கு அந்த ஏரியப் பாத்தே ஆவணும்னா ஒண்ணு பண்ணு. அவளாண்ட பேசு. அவ ஆதார் கார்டு ஜெராக்ஸ வாங்கிகினு நீ போ. டிடிஈ கேட்டா கெங்கம்மான்னு சொல்லு. மூஞ்சியவா பாக்கப் போறான்?"

அவள் அவன் தட்டைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிகளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்கள்; குழம்பு சுவரில் ஓவியமாகியிருக்கும். யசோதரா அப்படிச் செய்யவில்லை. அன்று முழுக்க அவள் யோசித்தது அவன் சொன்ன அந்தக் கேவலமான யோசனையைத்தான். பேர் போனால் போகட்டும். ஐந்து நாளைக்குக் கெங்கம்மாவாக இருந்துவிட்டு வந்தால் என்ன? ஏரிக்கு ஆதார் கார்டா காட்டப் போகிறோம்?

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்ததும் யார்டிலிருந்து நேராக மாதவரம் பால்பண்ணைக்கு பஸ் ஏறினாள். கெங்கம்மா அங்கே பால் பூத் நடத்துகிறாள் என்று எப்போதோ கேள்விப்பட்டது; வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் யசோதராவைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய யார்டு ஐடி கார்டைத்தான் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது.

"ஆபீஸ்லருந்தா மேடம்? உள்ள வாங்க, உள்ள வாங்க. அவரு இப்பத்தான் டூட்டிக்கு பூட்டாரு. ஒரு அஞ்சு நிமிசம் முன்ன வந்திருந்தீங்கன்னா பாத்திருக்கலாம்."

புருஷனோடுதான் இருக்கிறாளா என்று ரயில்வே ஆபீஸிலிருந்து யாரோ விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். யசோதரா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கெங்கம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

"இங்கதான் மேடம் ரெண்டு பேரும் கீறோம். எடம் சின்னதுதான். ஆனா எங்களுக்குள்ள ஒரு சண்ட சச்சரவு கெடையாது."

சின்ன இடம்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. மூலையில் பாதி கட்டிய பை; மேலே ஒரு கம்பளிச் சட்டை.

"வூட்டுக்காரரு எப்டி?" என்று கேட்டுவிட்டாள் யசோதரா. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"தங்கம் மேடம்! இருங்க, காட்டறேன்." கெங்கம்மா பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே ஜெராக்ஸ் தாள்கள், வருஷவாரியாக அடுக்கி, மூலையில் நூல் கோத்து. "ஒவ்வொரு தபாவும் அவரு கையால எயுதிக் குடுப்பாரு. டயத்தோட. பாருங்க, 'ஜன்னல எறக்கிட்டு காதுல பஞ்சு வெச்சுக்கணும், குளிர் காத்து பட்டா காதுவலி வரும்.' எப்பவோ ஒரு நாள் காது வலிக்குதுன்னு சொன்னேன். அத ஞாபகம் வெச்சுகினு எயுதிகீறாரு. யாரு மேடம் எயுதுவா அந்த மாதிரி?"

அடுத்த தாளைப் புரட்டினாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"எல்லாத்துலயும் ரெண்டு பேருக்குத்தான் எயுதியிருப்பாரு. டீ ரெண்டு, போட்டுக்கு ரெண்டு சீட்டு. வந்துருவாரு போலன்னு நான் சென்ட்ரல்ல வண்டி நவுர்ற வரிக்கும் கதவாண்டயே நின்னுகினு இருப்பேன்." சொன்னபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்தது. "லீவு கெடைக்காது மேடம் அவருக்கு. பொறுப்பான வேல."

"காதுவலி அவருக்கு," என்றாள் யசோதரா. "எடது காது. குளுந்த காத்து பட்டா ரெண்டு நாளு படுத்துப்பாரு."

கெங்கம்மா கவரை மூடினாள். ஐடி கார்டை மறுபடி பார்த்தாள், இந்தத் தடவை படித்துப் பார்த்தாள்.

"ஆபீஸு இல்ல நீ."

"இல்ல."

"யசோதராவா?"

"ஆமா."

கீழே தெருவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எயுதுனது நான்," என்றாள் யசோதரா. "ஊட்டி, உதய்ப்பூரு, அந்த மிரிக் ஏரி, எல்லாம். அந்த ஆளுக்கு எயுதுனேன். உனக்கு இல்ல."

"அவரு எயுதலியா?" கெங்கம்மா கேட்டது யசோதராவிடம் இல்லை. தாள்களைத் தொடையில் வைத்து நீவிவிட்டுக்கொண்டிருந்தாள், சுருக்கமே இல்லாத இடத்தில்.

"ஒம்போது வருசம் போய் வந்துட்டே. இந்த ஒண்ண எனக்கு வுட்டுரு," என்றாள் யசோதரா. "உன் பேரச் சொல்லிகினே போறேன். உன் ஆதாரு ஜெராக்ஸு மட்டும் குடு. ஏரியப் பாத்துட்டு வந்துர்றேன். அப்புறம் அந்த ஆளும் வேணாம், பாஸும் வேணாம், நீங்க ரெண்டு பேரும் ஜோடியா போட்டோ எடுத்துக்குங்க."

கெங்கம்மா நிமிர்ந்தாள். நடிப்பெல்லாம் போய், பால் பூத்தில் சில்லறை தராதவனைப் பார்க்கிற முகம் வந்தது.

"புருசன நீ வெச்சுகினே. நான் வந்து கேட்டனா? வூடு, சோறு, ராத்திரி இருமுனா தண்ணி குடுக்க ஆளு, எல்லாம் உன்னாண்ட. என்னாண்ட மிச்சம் இருக்கறது அந்தத் தாள்ல என் பேரு ஒண்ணுதான். அதையும் கேக்கறியா?"

"பேரு எதுக்கு எனக்கு? எடம் பாக்கணும்."

"நான் பாக்க வேணாமா? எயுதுனது நீ. குளுருல பல்லு கிட்டிகினு, பாஷ தெரியாத ஊர்ல தனியா குந்திகினு டீய ரெண்டா வாங்கி ரெண்டையும் குடிச்சது நான்."

"ரெண்டா வாங்குனியா?"

"எயுதியிருந்துச்சே."

யசோதரா எழுந்தாள். அவளுக்கு அங்கே இருந்து ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. ஆனாலும் வாசலில் நின்று கேட்டாள், கேட்காமல் போக முடியவில்லை.

"உதய்ப்பூர் ஏரி எப்டி இருந்துச்சு?"

கெங்கம்மா பொய் சொல்லியிருக்கலாம். பாசி, நாற்றம், நம்ம கொசஸ்தலை ஆறு தேவலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யசோதரா கொஞ்சம் நிம்மதியாகப் படியிறங்கியிருப்பாள்.

"நீ எயுதுனா மாதிரியேதான்," என்றாள் கெங்கம்மா. "சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு தண்ணி செவப்பாவும்னு போட்டுருந்தே. அஞ்சே முக்காலுக்கு ஆச்சு."

யசோதரா செருப்பை மாட்டினாள். மூன்று படி இறங்கியிருப்பாள்.

"இரு," என்று மேலேயிருந்து குரல் வந்தது. கெங்கம்மா இந்த வருஷத்துத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் வெட்கம், அதைவிட அதிகமாகப் பயம். "மூணாவது பக்கம் ஜெராக்ஸ்ல அழிஞ்சுகீது. டிக்கெட்ல காத்கோதாம்னு கீது, ஆனா ராத்திரி டெல்லில வண்டி ஏறிட்டு, காலைல அது வந்துச்சான்னு எப்டிக் கண்டுபுடிக்கறதுன்னு தெரியல. அவராண்ட கேட்டேன், அங்க யாரையாச்சும் கேளுன்னுட்டாரு."

சொல்லாமல் போயிருக்கலாம். தப்பாகவும் சொல்லியிருக்கலாம். விடியற்காலை குளிரில், ஆளில்லாத ஏதோ ஒரு பிளாட்பாரத்தில், கையில் ஒரு பையோடு கெங்கம்மா திருதிருவென்று நிற்பதை யசோதரா ஒரு நிமிஷம் நன்றாகவே பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எழுதிய பயணத்தில் ஒரு ஆள் தப்பான ஸ்டேஷனில் நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஹல்துவானின்னு ஒரு ஸ்டேஷன் வரும். பாதிப் பெட்டி அங்க எறங்கும். கூட்டத்தப் பாத்துட்டு நீயும் எறங்கிடாத. அதுக்கு அடுத்ததுதான் காத்கோதாம். அதோட ரயிலு முடிஞ்சுடும். அங்க எறங்கு."

கெங்கம்மா உள்ளே ஓடிப் பேனாவோடு வந்தாள். தாளைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தபா சொல்லு."

யசோதரா இன்னொரு தபா சொன்னாள். மெதுவாக, எழுதுகிற வேகத்துக்கு.